பிரேக் பெடல் சத்தம், பெடல் கோளாறு: எது சும்மா, எது ஆபத்து?

போன தீபாவளிக்கு எங்க அத்தான் கார்லதான் ஊருக்குப் போனோம். பிரேக் மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் பழைய மரக்கதவு தொறக்கிற மாதிரி கிரீ...ச்னு ஒரு சத்தம். என்ன அத்தான் இதுன்னு கேட்டா, "அட ரெண்டு மாசம் முன்னாடிதான் மாப்ள பேட் மாத்துனேன், அப்பவும் போகல, இப்போ டிஸ்க்கையும் மாத்தணும்னு சொல்றாங்க"ன்னாரு.

டீக்கடை பக்கத்துல வண்டிய ஓரங்கட்டி, எஞ்சின ஆஃப் பண்ணிட்டு, ஸ்டியரிங்குக்கு கீழ தலைய விட்டு போன் டார்ச் அடிச்சு பெடல கையாலயே அமுக்கிப் பார்த்தேன். சக்கரம் சுத்தல, எஞ்சின் ஓடல, ஆனா அதே கிரீச். பெடல் மேல ஒரு கம்பில தொங்குது இல்லையா, அந்த கம்பி போற இடத்துல சின்னதா ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது உரசாம இருக்கப் போடுற வளையம், இருக்கும், அது காய்ஞ்சு போய் சுத்தி வெள்ளையா பொடி படிஞ்சு கிடந்துச்சு. ஊருக்குப் போனதும் விரல் நுனி அளவுக்கு கிரீஸ் எடுத்து வச்சேன், அவ்வளவுதான், சத்தம் போயிடுச்சு. கழட்டிப் போட்ட பழைய பேட்ட டிக்கில வச்சிருந்தாரு, எடுத்துப் பார்த்தா பாதிகூட தேயல.

இதுல காசு போனது ஒரு பக்கம். எனக்கு அதைவிட வருத்தம் என்னன்னா, அதே வண்டில பிரேக் ஆயில் டப்பாவ தொறந்து பார்த்தா உள்ள டிக்காஷன் கலர்ல இருந்துச்சு, அதப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சத்தம் வந்தா எல்லாரும் பயப்படுறோம், சத்தமே இல்லாம பெடல் மாறிட்டு வர்றத யாரும் கவனிக்கிறதில்ல. இந்தக் கட்டுரையே அதுக்காகத்தான்.

## கால்ல ஆரம்பிச்சு சக்கரம் வரைக்கும்

கடப்பாரைய வச்சு பெரிய கல்ல நெம்பிப் பார்த்திருப்பீங்க. நீளமான பக்கத்துல நாம லேசா அமுக்குனா சின்ன பக்கத்துல பெரிய பலம் வரும். பிரேக் பெடலும் அப்படி ஒரு நெம்புகோல்தான், கால் கொடுக்கிற பலத்த சுமார் 3, 4 மடங்கு ஆக்கி பின்னாடி இருக்கிற தண்டுக்கு அனுப்புது.

அடுத்தது சிரிஞ்சு. மெடிக்கல் ஷாப்புல சின்ன சிரிஞ்சு ஒண்ணு, பெரிய சிரிஞ்சு ஒண்ணு வாங்கி, நடுவுல ஒரு டியூப் மாட்டி முழுக்க தண்ணி நிரப்பிப் பாருங்க. சின்னத அமுக்குனா பெரியது நகரும், கொஞ்ச தூரம்தான் நகரும், ஆனா நல்ல பலத்தோட நகரும். 17ஆம் நூற்றாண்டுல பாஸ்கல்னு ஒரு பிரெஞ்சுக்காரர் விளக்குன விஷயம் இதான்: அடைச்சு வச்ச திரவத்துல ஒரு இடத்துல கொடுக்கிற அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போகும்.

கார்ல அந்த சின்ன சிரிஞ்சுக்குப் பேரு மாஸ்டர் சிலிண்டர், பெடலுக்கு நேர் முன்னாடி பானட்டுக்குள்ள இருக்கும். சக்கரத்துப் பக்கம் இருக்கிற பெரிய சிரிஞ்சுதான் காலிப்பர். சக்கரத்தோட சேர்ந்து சுத்துற இரும்புத் தட்டு டிஸ்க், அத ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற உராய்வுக் கட்டை பேட். நடுவுல தண்ணிக்குப் பதிலா ஓடுறது பிரேக் ஆயில். ஆயில்னு சொன்னாலும் அது எண்ணெய் இல்ல, வேற ரசாயனம், இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். சின்ன கார் நிறைய வண்டில பின் சக்கரத்துல டிஸ்க் இருக்காது, டிரம் இருக்கும், அதாவது ஒரு இரும்புச் சட்டிக்குள்ள ரெண்டு வளைஞ்ச கட்டை விரிஞ்சு உள்பக்கமா உரசி நிறுத்தும், அந்தக் கட்டைக்குப் பேரு ஷூ.

இன்னும் ஒரு ஆள் இருக்காரு, பூஸ்டர். மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னாடி கறுப்பா சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமா இருக்குமே அதான். ஜூஸ் பாக்கெட்ட ஸ்ட்ரா போட்டு நல்லா உறிஞ்சுனா பாக்கெட் உள்ள ஒடுங்குது இல்ல, வெளிக்காத்து தள்ளுற பலம் அது. எஞ்சின் காத்த உறிஞ்சும்போது பூஸ்டருக்குள்ள இருக்கிற காத்தையும் சேர்த்து உறிஞ்சி காலியாக்கி வைக்குது, நீங்க பெடல மிதிச்சதும் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காத்த உள்ள விடும், அந்தக் காத்து உங்க காலோட சேர்ந்து தள்ளும். டீசல் வண்டில எஞ்சின் அப்படி உறிஞ்சாது, அதனால அதுக்குன்னு தனியா ஒரு பம்ப் இருக்கும்.

இதுவரைக்கும் சொன்னது: கால் நெம்புது, பூஸ்டர் கூடத் தள்ளுது, ஆயில் அழுத்தத்தக் கொண்டு போகுது, பேட் கவ்வுது. எந்தக் கோளாறா இருந்தாலும் இந்த நாலுல ஏதோ ஒரு இடத்துலதான் இருக்கும்.

## வண்டி நிக்கும்போதே சத்தம் வருதா?

மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி இந்த ஒரு சோதனைய நீங்களே பண்ணிடலாம். சமதரையில நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின ஆஃப் பண்ணிட்டு பெடல மெதுவா மிதிங்க. சத்தம் வருதுன்னா அது பேட், டிஸ்க் உரசுற சத்தமா இருக்க வாய்ப்பே இல்ல, ஏன்னா சக்கரம் சுத்தல. எங்க அத்தான் வண்டில நடந்தது இதான். கிரீச்னா பெரும்பாலும் பெடல் புஷ்ஷோ, பெடலையும் தண்டையும் சேர்க்கிற சின்ன ஆணியோ காய்ஞ்சு போயிருக்கும். டிக்னு சின்னதா ஒரு சத்தம் வந்தா அது பின்னாடி சிவப்பு லைட் எரிய வைக்கிற சுவிட்ச், அது அப்படித்தான் இருக்கும். லொட லொடன்னு பெடலே பக்கவாட்டுல ஆடுச்சுன்னா மட்டும் புஷ் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம், மாத்திடுங்க.

எஞ்சின் ஓடும்போது மிதிச்சா உஸ்ஸ்னு ஒரு மூச்சு விடுற சத்தம் கேக்கும். அது பூஸ்டருக்குள்ள காத்து போற சத்தம். மிதிக்கிற நொடில லேசா வந்து நின்னுட்டா நார்மல். கால அப்படியே அசையாம வச்சிருந்தும் தொடர்ந்து உஸ்ஸ்னு வந்துட்டே இருந்தா, அதோட பெடலும் கல்லு மாதிரி ஆகி, ஆக்சிலரேட்டர் மிதிக்காம நிக்கும்போது எஞ்சினும் தடுமாறுச்சுன்னா, பூஸ்டர்லயோ அதுக்குப் போற டியூப்லயோ ஓட்டை.

பூஸ்டர் நல்லா இருக்கான்னு பார்க்க ஒரு அருமையான வழி இருக்கு, கருவி எதுவும் வேணாம். எஞ்சின ஆஃப் பண்ணிட்டு பெடல நாலஞ்சு தடவை நல்லா மிதிங்க, மிதிக்க மிதிக்க கெட்டியாகும். கெட்டியான பெடல் மேல கால வச்சபடியே எஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் உங்க காலுக்குக் கீழ லேசா இறங்குனா பூஸ்டர் வேலை செய்யுது. இறங்கவே இல்லன்னா பூஸ்டருக்கு உறிஞ்சல் வரல. ஸ்டார்ட் பண்ணதும் பெடல் இப்படி இறங்குறத பார்த்து "பிரேக் போச்சு"ன்னு பயந்து ஷெட்டுக்கு ஓடுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அந்த ஒரு சின்ன இறக்கம் நல்ல அறிகுறி.

## ஓடும்போது வர்ற சத்தம்

கரும்பலகையில சாக்பீஸ் சில நேரம் கிரீச்னு கத்தும், அதே சாக்பீஸ கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா கத்தாது. சாக்பீஸ் பலகைய ஒட்டிப் பிடிச்சு, வழுக்கி, திரும்ப ஒட்டி வழுக்குது, ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை, அந்த அதிர்வுதான் காதுக்கு கிரீச்னு கேக்குது. பேட் டிஸ்க் மேல உரசும்போது நடக்கிறதும் அதேதான். அதனால நல்ல பேட், நல்ல டிஸ்க், எல்லாம் சரியா இருந்தும்கூட கீச் சத்தம் வரலாம். தூசி, மழை ஈரம், புது பேட், கெட்டியான ரக பேட் எல்லாமே காரணம்.

காலைல முதல் தடவை வண்டி எடுக்கும்போது, அதுவும் மழை பெஞ்ச ராத்திரிக்கு அப்புறம், கர்ர்னு ஒரு சத்தம் வந்து நாலஞ்சு பிரேக்ல காணாம போகுதா? டிஸ்க் வெறும் இரும்பு, ஒரே ராத்திரில மேல மெல்லிசா துரு பிடிச்சிடும், பேட் அத சுரண்டி எடுத்துடும். ஒண்ணும் பண்ண வேணாம்.

ஆனா ஒரு கீச் மட்டும் வேணும்னே வச்சது. நிறைய பேட்ல ஓரத்துல ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும், புது பேட்ல 10 மில்லிமீட்டருக்கு மேல இருக்கிற உராய்வுப் பொருள் தேஞ்சு 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்க தொட்டு கீச்சுனு கத்தும். காலைல மட்டும் வராது, நாள் பூரா வரும், ஒரு வாரம் பத்து நாள் விடாம வந்துச்சுன்னா சக்கர இடுக்கு வழியா டார்ச் அடிச்சு பேட் தடிமனப் பாருங்க, இல்ல சக்கரத்தக் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. எல்லா பேட்லயும் இந்த நாக்கு இருக்காது, அதனால கத்தலன்னா பேட் இருக்குன்னு நம்பிடாதீங்க.

அதையும் தாண்டி ஓட்டுனா வர்றது கரகரன்னு அம்மி அரைக்கிற சத்தம். உராய்வுப் பொருள் தீர்ந்து பேட்டோட இரும்புத் தகடே டிஸ்க்க அரைக்குது. இது ஒண்ணுதான் சத்தங்கள்ல "இப்பவே வண்டிய நிறுத்து" ரகம். அன்னைக்கே போனா பேட்டோட, மிஞ்சிப்போனா டிஸ்க்கோட போகும், ஒரு வாரம் தள்ளிப் போட்டா டிஸ்க் கட்டாயம் போகும், காலிப்பரும் போகலாம். சில சமயம் சின்ன கல்லு ஒண்ணு டிஸ்க்குக்கும் பின்னாடி தகட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டும் இதே மாதிரி கத்தும், ஆனா அது பிரேக் மிதிக்காதப்பவும் கத்தும்.

பிரேக் மிதிக்கிற நொடில மட்டும் டொக்னு ஒரு தட்டு சத்தம் வந்தா பேட்ட இறுக்கிப் பிடிக்கிற கிளிப்ப யாரோ திரும்ப மாட்டாம விட்டிருக்கலாம், இல்ல முன்பக்க சஸ்பென்ஷன் புஷ் போயிருக்கலாம். ரெண்டாவதா சொன்னது பிரேக் சம்பந்தமே இல்லாதது.

ஒரு விஷயம் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். கீச் சத்தம் போகணும்னு டிஸ்க் மேல எண்ணெயோ, ஸ்பிரேயோ, கிரீஸோ எதையும் அடிக்காதீங்க. சத்தம் நிக்கும், கூடவே பிரேக்கும் நிக்கும். பேட் எண்ணெய உறிஞ்சிட்டா அத கழுவி எடுக்க முடியாது, தூக்கித்தான் போடணும்.

சுருக்கமா: வந்து போற கீச்ச விட்டுடலாம், விடாம வர்ற கீச்ச பார்க்கணும், அம்மி அரைக்கிற சத்தம் கேட்டா அதுக்கு மேல ஓட்டக்கூடாது.

## சத்தமே போடாம வர்ற ஆபத்து

இப்பதான் முக்கியமான இடத்துக்கு வர்றோம். பெடல் காலுக்கு எப்படி இருக்குங்கிறது சத்தத்தவிட பெரிய சேதி, ஆனா தினமும் ஓட்டுறவங்களுக்கு அது மாறுறது தெரியாது, ஏன்னா மெல்ல மெல்ல மாறுது, காலும் கூடவே பழகிடுது.

பஞ்சு மாதிரி அமுங்குற பெடல். அந்த சிரிஞ்சுக்கு திரும்பப் போவோம். டியூப்ல ஒரு காத்துக் குமிழி விட்டுட்டு அமுக்கிப் பாருங்க, நீங்க அமுக்குற தூரத்துல கொஞ்சம் குமிழி சுருங்குறதுக்கே போயிடும், பெரிய சிரிஞ்சு சரியா நகராது. திரவம் சுருங்காது, காத்து சுருங்கும், விஷயம் இவ்வளவுதான். பிரேக் லைன்ல காத்து போயிட்டா பெடல் பஞ்சு மாதிரி ஆகும், ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணா கெட்டியாகும். இத சரி பண்றதுக்கு ஏர் எடுக்கிறதுன்னு சொல்வாங்க, ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு சின்ன திருகு இருக்கும், அத தொறந்து காத்து வெளிய வர்ற வரைக்கும் ஆயில தள்ளி எடுப்பாங்க. ஆனா மூடி வச்ச லைனுக்குள்ள காத்து தானா வராது, எங்கயாவது கசியணும், இல்ல வேலை பார்த்தப்போ உள்ள போயிருக்கணும். காரணத்தக் கேக்காம ஏர் மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க.

தானா கீழ இறங்குற பெடல். சிக்னல்ல நிக்கிறீங்க, கால ஒரே அழுத்தத்துல வச்சிருக்கீங்க, பெடல் மெதுவா, ரொம்ப மெதுவா, தரைய நோக்கிப் போகுது. கீழ பார்த்தா ஒரு சொட்டு கசிவுகூட இல்ல. மாஸ்டர் சிலிண்டருக்குள்ள இருக்கிற ரப்பர் சீல் தேஞ்சு, அழுத்தம் கொடுத்த ஆயில் சீலத் தாண்டி பின்பக்கம் நழுவிடுது, அதனாலதான் வெளிய தெரியல. எனக்கு எல்லா பிரேக் கோளாறுலயும் ரொம்ப பயமானது இதுதான், ஏன்னா வேகமா மிதிச்சா பிரேக் நல்லாவே பிடிக்கும், டெஸ்ட் டிரைவ்ல தெரியாது. எஞ்சின ஓடவிட்டு, நின்ன இடத்துலயே அரை நிமிஷம் பெடல சீரா அமுக்கிப் பிடிச்சாதான் தெரியும். மாசத்துக்கு ஒரு தடவை இத செஞ்சு பாருங்க.

கல்லு மாதிரி பெடல். பூஸ்டர் பத்தி மேலயே சொல்லிட்டேன். ஆனா இதுலயே நாம கையால வரவழைச்சுக்கிற ஆபத்து ஒண்ணு இருக்கு, மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம்னு எஞ்சின ஆஃப் பண்ணிட்டு உருட்டி விடுறது. பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற உறிஞ்சல் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும். அதுக்கப்புறம் பெடல் கெட்டி, பவர் ஸ்டியரிங்கும் கெட்டி, முன்னாடி ஹேர்பின் வளைவு. மிச்சமாகிற பெட்ரோலும் சொற்பம்தான், ஏன்னா இப்ப வர்ற வண்டிங்க கியர்ல இறங்கும்போது ஆக்சிலரேட்டர்ல கால் இல்லன்னா எரிபொருள தானாவே நிறுத்திடும்.

ஒரு பக்கம் இழுக்கிறது. பிரேக் போட்டா வண்டி இடது பக்கமோ வலது பக்கமோ ஒதுங்குச்சுன்னா ஒரு பக்கத்து காலிப்பர் ஜாம் ஆகியிருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி, சக்கரத்தத் தொடாம கைய பக்கத்துல கொண்டு போய்ப் பாருங்க, ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அந்த பக்கம் பிரேக் விடாம பிடிச்சுட்டே இருக்குன்னு புரிஞ்சுக்கலாம்.

கால்ல அதிர்ற பெடல். ஹைவேல வேகத்துல இருந்து பிரேக் போட்டா பெடல் துடிக்குது, ஸ்டியரிங் நடுங்குது. உடனே எல்லாரும் சொல்றது "டிஸ்க் பெண்டு". பெரும்பாலும் டிஸ்க் வளையறதில்ல, சுத்தி ஒரே தடிமனா இல்லாம ஒரு இடம் தடிச்சும் ஒரு இடம் மெலிஞ்சும் ஆயிடுது. மில்லிமீட்டர்ல நூறுல ரெண்டு மூணு பங்கு வித்தியாசமே கால்ல தெரியும். நல்லா சூடான டிஸ்க்க நின்ன இடத்துலயே இறுக்கிப் பிடிச்சிருந்தா பேட்டோட பொருள் அந்த இடத்துல மட்டும் ஒட்டிக்கும், இதுவும் ஒரு காரணம். லேத்துல கொடுத்து சமமா கடைஞ்சு எடுக்கலாம், ஆனா இதுக்கு மேல மெலியக்கூடாதுன்னு ஒரு அளவு டிஸ்க்லயே பொறிச்சிருக்கும், அதுக்குக் கீழ போச்சுன்னா மாத்தணும்.

அவசரமா அடிச்சு பிரேக் போடும்போது மட்டும் பெடல் டக டகன்னு கால எதிர்த்து உதைச்சுதுன்னா அது ஏபிஎஸ், சக்கரம் வழுக்காம இருக்க அழுத்தத்த விட்டு விட்டுக் கொடுக்குற சிஸ்டம். நம்ம நாட்டுல 2019 ஏப்ரல்ல இருந்து புது கார் எல்லாத்துலயும் இது கட்டாயம். பயந்து கால எடுத்துடாதீங்க, முழு பலத்தோட மிதிச்சுட்டே ஸ்டியரிங்க திருப்புங்க.

பஞ்சுன்னா காத்து, இறங்குச்சுன்னா சீல், கல்லுன்னா பூஸ்டர், துடிச்சா டிஸ்க். முதல் மூணுக்கும் தள்ளிப்போடுற பேச்சே கூடாது.

## மலை இறக்கத்துல மட்டும் பெடல் போறது ஏன்?

பிரேக் வண்டியோட வேகத்த அழிக்கிறதில்ல, சூடா மாத்துது. 1,000 கிலோ கார் 80 கிலோமீட்டர் வேகத்துல இருந்து ஒரே ஒரு தடவை நின்னா வர்ற சூடு, முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணிய கொதிக்கிற நிலைக்குக் கொண்டு வரப் போதும். இப்ப கொல்லிமலைல 70 ஹேர்பின், வால்பாறை ரோட்டுல 40 ஹேர்பின், கால எடுக்காம பிரேக்லயே இறங்குறோம்னு வச்சுக்கோங்க, அந்த சூடெல்லாம் எங்க போகும்? டிஸ்க், பேட், காலிப்பர், கடைசில ஆயில்.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த மெல்ல மெல்ல இழுத்துக்கும், மழைக்காலத்துல தொறந்து வச்ச உப்பு ஜாடி நீர்த்துப் போற மாதிரி. டாட் 4 (DOT 4)ங்கிற ரகத்துல புது ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக்கூடாதுங்கிறது தரம், அதே ஆயில்ல 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா 155 டிகிரி தாங்குனாப் போதும்னு வச்சிருக்காங்க. டாட் 3 ரகத்துல அது 205, 140. கொதிச்சா ஆவி, ஆவின்னா குமிழி, குமிழின்னா சிரிஞ்சுல பார்த்த அதே கதை, பெடல் தரை வரைக்கும் போகும், கீழ சமதரையில நல்லா இருந்த பிரேக் நடு மலைல இல்லாம போகும். ஒரு மணி நேரம் ஆறவிட்டா திரும்ப சரியாயிடும், அதனாலதான் "மெக்கானிக்கிட்ட காமிச்சேன், ஒண்ணும் இல்லன்னுட்டாரு"ன்னு வீட்டுக்கு வந்துடுறாங்க.

ஏறுன கியர்லயே இறங்குங்க, ரெண்டாவது, தேவைப்பட்டா முதல். எஞ்சினே வண்டிய இழுத்துப் பிடிக்கும். பிரேக்க லேசா விடாம உரசிட்டே வராம, அழுத்திக் குறைச்சுட்டு விட்டுடுங்க, ஆறட்டும். பெரும்பாலான வண்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில மாத்தணும், கிலோமீட்டர் ஓடலன்னாலும் மாத்தணும், ஈரத்துக்கு கிலோமீட்டர் தெரியாது. டப்பா மூடில என்ன ரகம் போட்டிருக்கோ அதையே ஊத்துங்க. எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் ஒரு மூடி அளவு போனாலும் உள்ள இருக்கிற ரப்பர் சீலெல்லாம் ஊதி மொத்த சிஸ்டமும் வீணாயிடும்.

ஆயில் அளவு குறைஞ்சிருந்தா சும்மா டாப்-அப் பண்ணிட்டு வராதீங்க. பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன், அதாவது பேட்ட தள்ளுற உருளை, வெளிய வரும், அந்த இடத்த நிரப்ப ஆயில் இறங்கும், அதனால அளவு குறையறது பேட் தேய்ஞ்சதுக்கு ஒரு தடயம், வேகமா குறைஞ்சா கசிவுக்குத் தடயம். ஊத்தி நிரப்பிட்டா அந்த தடயம் மறைஞ்சிடும்.

## மெக்கானிக்கிட்ட என்ன சொல்லணும்

"பிரேக்ல சத்தம் வருது"ன்னு மட்டும் சொன்னா அவரு பேட்லதான் ஆரம்பிப்பாரு, அவர் மேல தப்பில்ல. வண்டி நிக்கும்போதா ஓடும்போதா, காலைல மட்டுமா நாள் பூராவா, மிதிச்சாலா மிதிக்காமலா, எந்த வேகத்துல, முன்னாடியா பின்னாடியா, பெடல் முன்ன இருந்ததவிட கீழ போகுதா, இத்தனையும் சொல்லுங்க. கழட்டுன பழைய பேட்ட உங்க கண்ணால பார்த்து வாங்கிட்டு வாங்க. வேலை முடிஞ்சதும் வண்டிய ஷெட்ட விட்டு எடுக்கிறதுக்கு முன்னாடியே, நின்ன இடத்துலயே, பெடல நாலு தடவை மிதிச்சுப் பாருங்க, ஏன்னா புது பேட் மாட்டும்போது பிஸ்டன உள்ள தள்ளியிருப்பாங்க, முதல் ரெண்டு மிதி வெறும் பெடலா தரை வரைக்கும் போகும், அந்த ரெண்டு மிதி ரோட்டுல லாரிக்குப் பின்னாடி நடக்கக்கூடாது.

எங்க அத்தான் வண்டிக்கு மறுநாளே ஆயில் மாத்துனோம். வெளிய வந்தது கறுப்பா, உள்ள போனது வெளுத்த தேன் கலர்ல. ஓட்டிப் பார்த்துட்டு, "மாப்ள, பெடல் மேலயே பிடிக்குதுடா, இவ்வளவு நாள் எவ்வளவு கீழ போய்ட்டு இருந்துச்சுன்னு இப்பதான் தெரியுது"ன்னாரு.